செய்தி ஆங்கிலத்தின் வினைத்தொடர்: எப்போது, எவ்வளவு உறுதி, யார் செய்தது

1912 ஏப்ரல் 16 அன்று வந்த நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத் தலைப்பு இப்படித் தொடங்குகிறது: 'டைட்டானிக் சிங்க்ஸ் ஃபோர் அவர்ஸ் ஆஃப்டர் ஹிட்டிங் ஐஸ்பெர்க், 866 ரெஸ்க்யூட் பை கார்பேத்தியா, ப்ராபப்ளி 1250 பெரிஷ்.' பனிப்பாறையில் மோதிய நான்கு மணி நேரத்தில் டைட்டானிக் மூழ்கியது, 866 பேரைக் கார்பேத்தியா கப்பல் மீட்டது, 1250 பேர் இறந்திருக்கக்கூடும் என்பது சேதி.

கப்பல் மூழ்கியது முந்தின நாள் அதிகாலையில். ஆனாலும் 'சிங்க்ஸ்', 'பெரிஷ்' என்று நிகழ்காலம் நிற்கிறது. மீட்கப்பட்டவர்களுக்கு 'ரெஸ்க்யூட்' என்ற வடிவம். அதற்கு முன்னால் இருக்க வேண்டிய 'வேர்' என்ற துணைவினையைக் காணோம். இன்னொன்றையும் பாருங்கள். 'நான்கு மணி நேரம்' என்பதை அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். அது தப்பு. கப்பல் இரவு 11.40க்கு மோதி 2.20க்கு மூழ்கியது, இரண்டே முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இறந்தவர்கள் சுமார் 1500 பேர் என்று பின்னால் தெரிந்தது. ஆக 1250ம் சரியில்லை. ஆனால் அந்த வினைக்கு முன்னால் 'ப்ராபப்ளி' நிற்பதால் அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

செய்தி ஆங்கிலத்தின் வினைத்தொடரைப் பிடிக்க எனக்குக் கைகொடுத்தவை மூன்று கேள்விகள்: நடந்தது எப்போது? சொல்பவருக்கு எவ்வளவு உறுதி? செய்தது யார்? இந்த மூன்றுக்கும் விடை பெரும்பாலும் வினையிலேயே ஒளிந்திருக்கும். ஆங்கிலச் செய்தியைப் படிப்பவர், மொழிபெயர்ப்பவர், எழுதிப் பழகுபவர் மூவருக்கும் பயன்படும் என்று நினைத்துப் படிப்படியாக எழுதியிருக்கிறேன். ஆங்கிலத் தொடர்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், வாய்விட்டுப் படித்தால் பிடிபடும்.

படி 1: தொடரை வலமிருந்து இடமாகப் பிரியுங்கள்

ஆங்கில வினைத்தொடர் என்பது ஒரு முதன்மை வினையும் அதற்கு முன்னால் வரிசைகட்டி நிற்கும் துணைவினைகளும். அந்த வரிசை மாறவே மாறாது. முதலில் 'வில்', 'மே', 'மஸ்ட்' வகை. அடுத்து 'ஹேவ்'. அப்புறம் தொடர்ந்து நடப்பதைக் காட்டும் 'பி'. அதற்கும் அப்புறம் செயப்பாட்டு 'பி'. கடைசியில் முதன்மை வினை. நடுவில் எதை வேண்டுமானாலும் விட்டுவிடலாம், இடத்தை மட்டும் மாற்ற முடியாது.

'மே ஹேவ் பீன் கில்ட்' என்பதை எடுத்துக்கொள்வோம். தமிழில் 'கொல்லப்பட்டிருக்கலாம்'. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொல், படு, இரு, லாம். 'கில்ட்', 'பீன்', 'ஹேவ்', 'மே'. கண்ணாடியில் பார்த்தது போல அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறது! ஆங்கிலத்தில் வினைக்கு முன்னால் அடுக்குவதைத் தமிழில் வினைக்குப் பின்னால் ஒட்டுகிறோம், அவ்வளவுதான். இது தெரிந்த பிறகு நீளமான தொடர் எதைப் பார்த்தாலும் பயப்பட வேண்டியதில்லை. 'ஹேஸ் பீன் அரெஸ்டட்': கைது செய்யப்பட்டிருக்கிறார். 'வில் பி ரிலீஸ்ட்': விடுவிக்கப்படுவார். வலது ஓரத்திலிருந்து தொடங்கினால் தமிழ் தானாக வந்து விழும்.

ஒவ்வொரு துணைவினையும் தனக்கு அடுத்த சொல்லின் உருவத்தைத் தீர்மானிக்கிறது என்பதை மட்டும் சேர்த்து நினைவில் வையுங்கள். 'மே'க்கு அடுத்தது மாறாத வேர்ச்சொல், 'ஹேவ்'க்கு அடுத்தது 'பீன்', 'கான்', 'டேக்கன்' போன்ற எச்ச வடிவம். 'மே ஹேஸ்' என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

படி 2: தலைப்பின் காலக்கணக்கைப் பழகுங்கள்

தலைப்புக்குத் தனி இலக்கணம் உண்டு. அதில் காலம் மூன்று உருவங்களில் வரும்.

நடந்து முடிந்ததற்கு நிகழ்காலம். 1969 ஜூலை 21 அன்று நியூயார்க் டைம்ஸ் போட்டது 'மென் வாக் ஆன் மூன்'. படிப்பவருக்குக் கண்முன் நடப்பது போல இருக்க வேண்டும் என்பது நோக்கம். 1948 நவம்பர் 3 அன்று சிகாகோ டெய்லி ட்ரிப்யூன் போட்ட 'டூயி டிஃபீட்ஸ் ட்ரூமன்' என்பதும் இதே நிகழ்காலம்தான். அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் பக்கத்தைச் சீக்கிரம் முடிக்க வேண்டியிருந்தது. அமெரிக்க அதிபர் தேர்தலின் முழு முடிவு வருவதற்குள், போட்டியாளர் டூயி அதிபர் ட்ரூமனைத் தோற்கடித்துவிட்டார் என்று எழுதிவிட்டார்கள். வென்றது ட்ரூமன். அந்தப் பத்திரிகையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தபடி அவர் நிற்கும் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். தலைப்பின் நிகழ்காலத்துக்குத் 'தெரியாது' என்று சொல்லத் தெரியாது, சொன்னால் சொன்னதுதான்.

நடக்கப்போவதற்கு 'டு' சேர்த்த வினை. 'மினிஸ்டர் டு ரிசைன்' என்றால் அமைச்சர் பதவி விலகப்போகிறார். முழு வாக்கியமாக இருந்தால் நடுவில் ஓர் 'இஸ்' இருந்திருக்கும்.

மூன்றாவது செயப்பாட்டு வினை. 'த்ரீ ஹெல்ட்', 'மேன் ஷாட்' என்று 'வாஸ்', 'வேர்' எல்லாம் உதிர்ந்து எச்சம் மட்டும் நிற்கும். தடுமாற்றம் அதிகம் நடப்பது இந்த இடத்தில். 'மேன் ஷாட்' என்பதைப் பார்த்து, அந்த ஆள் சுட்டான் என்று எடுத்துக்கொண்டால் குற்றவாளியும் பாதிக்கப்பட்டவரும் இடம் மாறிவிடுவார்கள். ஒரு சின்ன சூத்திரம் போதும்: நடந்து முடிந்த செயலைத்தான் தலைப்பு நிகழ்காலத்தில் சொல்லிவிடுகிறதே! ஆகவே தலைப்பில் இறந்தகாலம் போலத் தெரியும் வினை பெரும்பாலும் செயப்பாட்டு வினையாகவே இருக்கும். சுட்டவன் அவனாக இருந்தால் 'மேன் ஷூட்ஸ்' என்று வந்திருக்கும்.

தமிழ்த் தலைப்பு இதற்கு நேர் எதிர். 'மூவர் கைது', 'விலை உயர்வு', 'அமைச்சர் ராஜினாமா' என்று நாம் வினையையே தூக்கிவிட்டுப் பெயர்ச்சொல்லில் முடிக்கிறோம். ஆங்கிலம் 'பி' வகைத் துணைவினையைத் தூக்கிவிட்டு வினையை வைத்துக்கொள்கிறது. அதனால் தமிழ்த் தலைப்பை அப்படியே ஆங்கிலமாக்கினால் 'அரெஸ்ட் ஆஃப் த்ரீ' போல உயிரில்லாத ஒன்று வரும். 'த்ரீ ஹெல்ட்' என்று வினைக்குத் திரும்புங்கள்.

தலைப்புக்கென்றே ஒரு குட்டி வினைப் பட்டாளம் இருக்கிறது. 'ப்ரோப்' விசாரிக்க, 'மல்' யோசிக்க, 'கர்ப்' கட்டுப்படுத்த, 'க்விட்' விலக, 'வவ்' சூளுரைக்க, 'ஸ்லாம்' கடுமையாகச் சாட, 'அவுஸ்ட்' பதவியிலிருந்து துரத்த, 'ஐ' ஒன்றைக் குறிவைக்க. பத்தியின் அகலம் குறைவு, எழுத்து பெரிது, அதனால் குட்டைச் சொற்களுக்கு மவுசு. அமெரிக்கத் திரைத்தொழில் பத்திரிகையான வெரைட்டி 1935இல் போட்ட 'ஸ்டிக்ஸ் நிக்ஸ் ஹிக் பிக்ஸ்' என்ற தலைப்பு இந்தக் குட்டைச் சொல் மோகத்தின் உச்சம். பட்டிக்காட்டுக் கதைப் படங்களைப் பட்டிக்காட்டு ரசிகர்களே ஒதுக்குகிறார்கள் என்பதை நான்கே அசையில் முடித்துவிட்டார்கள். அதில் வினை 'நிக்ஸ்' மட்டும். செய்தி உடலுக்குள் இந்தச் சொற்களைக் கொண்டுவராதீர்கள். 'மல்' என்று சாதாரணப் பேச்சில் யாரும் சொல்வதில்லை.

இவற்றில் பல வினையாகவும் பெயராகவும் வரும் என்பதால் ஒரு வம்பு உண்டு. 2009இல் ஒரு தலைப்பு வந்தது: 'வயலினிஸ்ட் லிங்க்ட் டு ஜேஏஎல் க்ராஷ் பிளாசம்ஸ்'. 1985 ஜப்பான் ஏர்லைன்ஸ் விபத்தில் தந்தையை இழந்த ஒரு வயலின் கலைஞர் இசையில் மலர்கிறார் என்பது பொருள். வினை கடைசிச் சொல்லான 'பிளாசம்ஸ்'. ஆனால் கண் 'லிங்க்ட்' என்பதை வினையாக எடுத்துக்கொண்டு, 'க்ராஷ் பிளாசம்ஸ்' என்றால் என்ன பூ என்று திணறுகிறது. இப்படிக் குழப்பும் தலைப்புகளுக்கே அன்றிலிருந்து 'க்ராஷ் பிளாசம்' என்று பெயர் நிலைத்துவிட்டது. தலைப்பு புரியாவிட்டால் ஒவ்வொரு சொல்லையும் 'இதுதான் வினையோ' என்று சந்தேகப்பட்டுப் பாருங்கள், ஏதாவது ஒன்று மாட்டும்.

படி 3: முதல் பத்தியில் 'உள்ளது', இரண்டாம் பத்தியில் தேதி

தலைப்பைத் தாண்டி உள்ளே வந்ததும் காலம் மாறுகிறது. பிரிட்டிஷ் பாணிச் செய்தியின் முதல் வாக்கியத்தில் 'ஹேஸ் அனவுன்ஸ்ட்', 'ஹேவ் ரிஜெக்டட்' என்று வரும். தமிழ்ச் செய்தியில் நாம் எழுதும் 'அறிவித்துள்ளது', 'நிராகரித்துள்ளனர்' என்பதன் அச்சு அசல் இது. புதுச் சேதி, அதன் விளைவு இன்னும் நிற்கிறது என்ற தொனி. எந்த நாள், எத்தனை மணி என்ற விவரம் வந்த நொடியில் 'ஹேஸ்' விலகிக்கொள்ளும், 'அனவுன்ஸ்ட்' மட்டும் நிற்கும்.

தமிழில் 'அரசு நேற்று அறிவித்துள்ளது' என்று எழுதினால் யாருக்கும் உறுத்தாது. ஆங்கிலத்தில் 'ஹேஸ் அனவுன்ஸ்ட் எஸ்டர்டே' உறுத்தும். தாய்மொழி தமிழாக இருப்பவர்கள் எழுதும் செய்தி ஆங்கிலத்தில் நான் அதிகம் திருத்தியது இந்த ஒரு பிழையைத்தான். நாளைக் குறிக்கும் சொல் கண்ணில் பட்டதும் 'ஹேஸ்' மேல் ஒரு கோடு போடுங்கள்.

அமெரிக்கப் பாணியில் இந்தச் சிக்கலே குறைவு. முதல் வாக்கியத்திலேயே கிழமையைப் போட்டு நேரடி இறந்தகாலத்தில் முடித்துவிடுகிறார்கள். அசோசியேட்டட் பிரஸ் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்தின் செய்திகளில் கிழமைக்கு முன்னால் 'ஆன்' கூட இருக்காது, 'ஸெட் மண்டே' என்றே வரும்.

'ஹேட் வார்ன்ட்' போன்ற முன்னிறந்தகாலம் பின்னணிக்கு. விபத்து நடந்தது திங்கள்கிழமை, எச்சரித்தது போன மாதம் என்றால் எச்சரிக்கைக்கு 'ஹேட்'. ஒருமுறை போட்டுக் காலத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டால் போதும், அடுத்த வாக்கியங்கள் சாதாரண இறந்தகாலத்திலேயே போகலாம். வரிக்கு வரி 'ஹேட்' போட்டால் வாசகருக்கு மூச்சு வாங்கும்.

இங்கேயே ஒன்று. 'போலீஸ்' ஆங்கிலத்தில் எப்போதும் பன்மை. 'போலீஸ் ஹேவ் ஸெட்' என்பதுதான் சரி. அணி, குழு போன்றவற்றை அமெரிக்கர்கள் ஒருமையாக எழுதுவார்கள். பிரிட்டிஷ் பத்திரிகைகளில், முக்கியமாக விளையாட்டுப் பக்கத்தில், பன்மையும் சகஜம்.

படி 4: சொன்னதைச் 'சொன்னார்' என்றே எழுதுங்கள்

தமிழ்ச் செய்தியில் ஒரே ஆள் முதல் பத்தியில் கூறுவார், அடுத்ததில் தெரிவிப்பார், மூன்றாவதில் சுட்டிக்காட்டுவார், கடைசியில் வலியுறுத்துவார். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டால் வறட்சி என்று நமக்குப் பழக்கம். ஆங்கிலச் செய்தியில் 'ஸெட்' பத்து முறை வந்தாலும் கண்ணில் படாது. மாற்றிப் போட்ட சொல்தான் கண்ணில் படும், அதோடு தீர்ப்பும் சொல்லும்.

'க்ளெய்ம்ட்' போட்டால் எழுதியவருக்கு நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். 'அட்மிட்டட்' போட்டால் தவறு நடந்தது உண்மை, இப்போதுதான் வாயைத் திறந்தார் என்று அர்த்தம். 'பாயிண்டட் அவுட்', 'ரிவீல்ட்' இரண்டும் சொன்னது உண்மையே என்று நிருபர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. 'ரெஃப்யூட்டட்' படுத்தும் பாடு தனி. கண்டிப்பான பயன்பாட்டில் அதற்கு 'ஆதாரத்தோடு பொய் என நிரூபித்தார்' என்று பொருள். வெறும் மறுப்புக்கு 'டினைட்' போதும். ஒருவர் குற்றச்சாட்டை 'ரெஃப்யூட்' செய்தார் என்று எழுதினால், வழக்கை அவர் பக்கம் நீங்களே தீர்த்துவைத்தது போல ஆகிவிடும்.

அடுத்தது காலப் பெயர்ச்சி. தமிழில் 'நாளை வருவேன் என்றார்' என்று பேசியவரின் காலத்தை அப்படியே விட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் 'ஸெட்' இறந்தகாலம் என்பதால் உள்ளே இருப்பதும் ஒரு படி பின்னால் போகும்: 'வில்' 'வுட்' ஆகும், 'இஸ்' 'வாஸ்' ஆகும், 'ஹேஸ்' 'ஹேட்' ஆகும். 'ஹி ஸெட் ஹி வுட் கம்'. இன்னும் உண்மையாக நிற்கும் விஷயத்தைப் பின்னால் தள்ளாமலும் விடலாம். ஆனால் தள்ளினால் ஒரு லாபம் உண்டு. 'த டேம் வாஸ் சேஃப், ஹி ஸெட்' என்றால் அணை பத்திரமாக இருப்பதாக அவர் சொன்னார், அவ்வளவே. இன்றும் பத்திரமா என்பதற்கு நீங்கள் ஜாமீன் இல்லை.

'டோல்ட்' வந்தால் யாரிடம் என்பது உடனே வர வேண்டும்: 'டோல்ட் ரிப்போர்ட்டர்ஸ்'. 'டிஸ்கஸ்ட்'க்குப் பின்னால் 'அபவுட்' வராது. 'பற்றி விவாதித்தார்' என்ற தமிழ், கையைப் பிடித்து 'அபவுட்' எழுத வைக்கும். விடாதீர்கள்.

படி 5: உறுதியின் ஏணியில் எந்தப் படி என்று பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. எதிர்காலத்தைச் சொல்ல செய்தி ஆங்கிலத்தில் ஒரு முழு ஏணியே இருக்கிறது. உச்சியில் 'வில்', நடந்தே தீரும். அதற்கு ஒரு படி கீழே 'இஸ் டு மீட்', 'இஸ் டியூ டு', 'இஸ் ஷெட்யூல்ட் டு'. ஏற்பாடாகிவிட்டது, தேதி குறித்தாயிற்று. 'இஸ் செட் டு' என்றால் எல்லாம் தயார், நடக்கிற மாதிரிதான் தெரிகிறது. 'இஸ் எக்ஸ்பெக்டட் டு' வந்தால் எதிர்பார்க்கிறார்கள். யார் எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டால் பல நேரம் நிருபரே. 'இஸ் லைக்லி டு' வாய்ப்பு அதிகம். 'மே' நடக்கலாம், நடக்காமலும் போகலாம். 'மைட்', 'குட்' இரண்டும் அடிமட்டம்.

தலைப்பில் 'குட்' பார்த்தால் நான் அந்தச் செய்தியை நிதானமாகத்தான் படிப்பேன். 'குட்' போட்டு எதையும் எழுதிவிடலாம், மறுக்கவும் முடியாது.

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்தபோது 'இஸ் டு மீட்' என்பதைச் 'சந்தித்தார்' என்று எழுதிவிட்டேன். இரண்டு தலைவர்களும் அடுத்த வாரம்தான் சந்திப்பதாக இருந்தார்கள். பக்கம் அச்சுக்குப் போகும் முன் ஒரு மூத்தவர் பிடித்துவிட்டார். 'தம்பி, அவங்க ரெண்டு பேரும் இன்னும் விமானமே ஏறல' என்றார். அந்த 'டு' அன்றைக்குப் பிறகு எனக்குத் தப்பியதில்லை.

கேள்விப்பட்டதைச் சொல்லத் தமிழில் ஓர் எழுத்தும் ஒரு புள்ளி வைத்த எழுத்தும் போதும்: ஆம். 'வருவாராம்', 'சொன்னாராம்'. 'எனக்கு நேரில் தெரியாது, காதில் விழுந்தது' என்பது முழுவதும் அந்த விகுதிக்குள் அடக்கம். ஆங்கிலத்தில் இப்படி ஒரு விகுதி இல்லை. அதனால் வினைத்தொடரை நீட்டியே அந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. 'இஸ் ஸெட் டு பி', 'இஸ் பிலீவ்ட் டு ஹேவ் ஃப்ளெட்', 'இஸ் அண்டர்ஸ்டுட் டு ஹேவ் டோல்ட்', 'இஸ் தாட் டு பி ஹைடிங்' எல்லாமே நம் 'ஆம்'தான். தமிழ்ச் செய்திநடையில் 'கூறப்படுகிறது', 'எனத் தெரிகிறது'. இதில் 'டு பி'க்கும் 'டு ஹேவ்'க்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். 'இஸ் பிலீவ்ட் டு பி இன் ஹைடிங்' என்றால் இப்போது தலைமறைவாக இருப்பதாகப் பேச்சு. 'இஸ் பிலீவ்ட் டு ஹேவ் ஃப்ளெட்' என்றால் ஏற்கெனவே தப்பிவிட்டதாகப் பேச்சு.

'மே ஹேவ்', 'மைட் ஹேவ்' இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். 'த பாய் மே ஹேவ் பீன் சேவ்ட்' என்றால் சிறுவன் பிழைத்திருக்கலாம், நமக்கு இன்னும் தெரியாது. 'மைட் ஹேவ் பீன் சேவ்ட்' என்றால் பிழைத்திருக்க முடியும், ஆனால் பிழைக்கவில்லை. ஒன்றில் நம்பிக்கை மிச்சம் இருக்கிறது, மற்றதில் இல்லை. பல பத்திரிகைகளே இதைக் குழப்புகின்றன. நல்ல துணையாசிரியர் குழப்ப மாட்டார்.

படி 6: செய்தவர் எங்கே என்று கேளுங்கள்

செயப்பாட்டு வினையை ஒழியுங்கள் என்று எழுத்துப் பயிற்சிகளில் சொல்வார்கள். செய்தியில் அது செல்லாது. 'எ மேன் ஹேஸ் பீன் அரெஸ்டட்' என்பதில் கைது செய்தது காவல்துறை என்று எல்லோருக்கும் தெரியும், சேதி கைதானவர்தான். அவர் முன்னால் வருவது நியாயம்.

செய்தவரை மறைப்பதற்காகவே அதைப் பயன்படுத்தும்போதுதான் வம்பு. ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் பற்றி 1987 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் பேசிய அமெரிக்க அதிபர் ரீகன், 'சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்' என்றார். பெரிய தவறுகள் செய்யப்பட்டன. செய்தது யார்? அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. அதிகாரத்தில் இருப்பவர்கள் இப்படிப் பேசுவது அவர்கள் பாடு. நிருபர் அதை மேற்கோளாகப் போட்டுவிட்டுத் தன் வாக்கியத்தில் 'ஹி டிட் நாட் சே ஹூ மேட் தெம்' என்று ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது.

செயப்பாட்டு வினையைவிடச் சாமர்த்தியசாலி ஒன்று உண்டு, செயப்படுபொருள் குன்றிய வினை. 'த கன் வென்ட் ஆஃப்': துப்பாக்கி வெடித்தது. 'கிளாஷஸ் ப்ரோக் அவுட்': மோதல் மூண்டது. 'வாஸ் ஷாட்' என்றால் 'பை ஹூம்' என்று கேட்கவாவது தோன்றும். 'வென்ட் ஆஃப்' என்றால் அந்தக் கேள்வியே எழாது, துப்பாக்கி தானாக வெடித்தது போல வாசகர் தாண்டிப் போய்விடுவார். யார் சுட்டது என்று தெரிந்திருந்தும் இப்படி எழுதுவது சோம்பல், இல்லையென்றால் பயம்.

சட்டம் நுழையும் இடத்தில் முன்னிடைச்சொல் ஒவ்வொன்றும் ஒரு கண்ணிவெடி. 'அக்யூஸ்ட் ஆஃப்', 'சார்ஜ்ட் வித்', 'கன்விக்டட் ஆஃப்', 'சென்டென்ஸ்ட் டு', 'அக்விட்டட் ஆஃப்'. முறையே குற்றம் சுமத்தப்பட்டது, முறைப்படி குற்றச்சாட்டு பதிவானது, குற்றம் உறுதியானது, தண்டனை விதிக்கப்பட்டது, விடுதலையானது. இவை ஒரு வழக்கின் வெவ்வேறு கட்டங்கள், ஒன்றை இன்னொன்றுக்குப் பதிலாகப் போட முடியாது. 'அரெஸ்டட் ஃபார் கில்லிங்' என்று எழுதினால் கொன்றதற்காகக் கைது, அதாவது கொன்றுவிட்டார் என்று நீங்களே சொல்லியாகிவிட்டது. அசோசியேட்டட் பிரஸ் இதைத் தவிர்க்கச் சொல்லி, 'அரெஸ்டட் ஆன் எ சார்ஜ் ஆஃப் கில்லிங்' என்று எழுதச் சொல்கிறது. குற்றச்சாட்டு இருக்கிறது என்பது மட்டும் உண்மை, மற்றது நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும்.

தமிழுக்குக் கொண்டுவரும்போது ஒரு பள்ளம்: 'வாஸ் கில்ட்'. சாலை விபத்திலும் பூகம்பத்திலும் இறந்தவர்களுக்கும் ஆங்கிலம் இதையே சொல்லும். தமிழில் 'கொல்லப்பட்டார்' என்றால் ஒருவர் கத்தியோடு நிற்க வேண்டும். விபத்து என்றால் 'உயிரிழந்தார்', 'பலியானார்'. எதிர்த் திசையிலும் கவனம் தேவை. விபத்தில் உயிரிழந்தவருக்கு வெறும் 'டைட்' என்பதைவிட 'வாஸ் கில்ட்' இயல்பு. நோயில் இறந்தவருக்கு 'டைட்'. 'பாஸ்ட் அவே', 'எக்ஸ்பயர்ட்' இரண்டும் செய்திக்கு வேண்டாம்.

படி 7: இரட்டைச் சொல் வினைகளைக் கவனியுங்கள்

'கால் ஆஃப்', 'புட் ஆஃப்' இரண்டிலும் 'ஆஃப்' இருக்கிறது. முதலாவது ரத்து, இரண்டாவது தள்ளிவைப்பு. போராட்டச் செய்தியில் இதை மாற்றிப் போட்டால் மறுநாள் தொலைபேசி ஓயாது. செய்தியில் அடிக்கடி வருகிறவை: 'ஸ்டெப் டவுன்' பதவி விலக, 'ரூல் அவுட்' வாய்ப்பில்லை என்று ஒதுக்க, 'கேரி அவுட்' நிறைவேற்ற, 'லுக் இன்ட்டு' விசாரிக்க, 'கால் ஃபார்' கோர, 'ஃபேஸ் அவுட்' படிப்படியாக நிறுத்த, 'பேக் அவுட்' பின்வாங்க, 'ஹிட் அவுட் அட்' சாட, 'க்ராக் டவுன் ஆன்' ஒடுக்க.

பிரியும் வகை, பிரியாத வகை என்று இரண்டு. ஸ்ட்ரைக்கை ரத்து செய்தார்கள் என்பதை 'கால்ட் ஆஃப் த ஸ்ட்ரைக்', 'கால்ட் த ஸ்ட்ரைக் ஆஃப்' என்று இரண்டு விதமாகவும் எழுதலாம். 'இட்' போட்டால் மட்டும் நடுவில்தான் வர வேண்டும்: 'கால்ட் இட் ஆஃப்'. 'லுக் இன்ட்டு'வைப் பிரிக்க முடியாது, 'லுக் இன்ட்டு இட்' ஒன்றுதான் வழி.

வினையாக இருக்கும்போது இரண்டு சொல், பெயராக மாறினால் ஒட்டிக்கொள்ளும். போலீஸ் 'க்ராக் டவுன்' செய்தால் இடம் விட்டு, நடந்தது ஒரு 'க்ராக்டவுன்' என்றால் சேர்த்து. 'ப்ரேக் அவுட்' நோய்க்கும் தீக்கும் போருக்கும் தானாக நடக்கும் வினை. 'வாஸ் ப்ரோக்கன் அவுட்' என்று ஒன்று கிடையாது.

படி 8: எண்ணோடு வரும் வினை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ரைஸ்' தன்வினை, 'ரெய்ஸ்' பிறவினை. விலை 'ரோஸ்', விலையை நிறுவனம் 'ரெய்ஸ்ட்'. 'ரோஸ் டு 8' என்றால் எட்டுக்கு வந்தது, 'ரோஸ் பை 8' என்றால் எட்டு கூடியது. 'சோர்ட்', 'ப்ளஞ்ச்ட்' இரண்டும் பெரிய தாவலுக்கும் வீழ்ச்சிக்கும். அரை சதவீத நகர்வுக்கு 'எஜ்ட் அப்', 'டிப்ட்' போதும். எண்ணைப் பார்த்துவிட்டு வினையைத் தேர்ந்தெடுங்கள்.

படி 9: ஒரே செய்தியைப் பத்து நாள் எழுதிப் பாருங்கள்

மேலே சொன்னது கைக்கு வர ஒரு பயிற்சி. கற்பனையாக ஒரு கிடங்கில் தீ. முதல் இரவு தலைப்பு: 'பிளேஸ் கில்ஸ் த்ரீ', தீயில் மூவர் பலி. முதல் வரி: 'எ வேர்ஹவுஸ் ஃபயர் ஹேஸ் கில்ட் த்ரீ பீப்பிள், போலீஸ் ஸெட்'. நேரம் வரும் இரண்டாவது வரியில் 'ஹேஸ்' போய்விடும்: 'த ஃபயர் ப்ரோக் அவுட் அட் அபவுட் 11 பிஎம்'. காரணம் இன்னும் பேச்சுதான்: 'இஸ் பிலீவ்ட் டு ஹேவ் பீன் காஸ்ட் பை எ ஷார்ட் சர்க்யூட்'. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்றால் 'மே பி ட்ராப்ட்', இப்போது, தெரியாது.

இரண்டாம் நாள் எண்ணிக்கை 'ரோஸ் டு ஃபைவ்'. 'பை' போட்டால் எட்டுப் பேர் ஆகிவிடுவார்கள். கிடங்கு உரிமையாளர் 'ஹேஸ் பீன் அரெஸ்டட் ஆன் சஸ்பிஷன் ஆஃப் நெக்லிஜென்ஸ்', கவனக்குறைவு என்ற சந்தேகத்தில். 'ஃபார் நெக்லிஜென்ஸ்' அல்ல.

பத்தாம் நாள் விசாரணை அறிக்கை வருகிறது. நிருபர் எழுதுகிறார்: 'த எக்ஸிட்ஸ் ஹேட் பீன் லாக்ட்', வெளியேறும் வழிகள் பூட்டப்பட்டிருந்தன. இந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு அறிக்கையை மறுபடி படியுங்கள். பூட்டியது யார் என்று அதில் இருந்தால் வாக்கியத்தைத் திருப்புங்கள்: 'த ஓனர் ஹேட் லாக்ட் த எக்ஸிட்ஸ், த ரிப்போர்ட் ஸெட்'. காலம் 'ஹேட்'டில், உறுதி 'ரிப்போர்ட் ஸெட்'டில், செய்தவர் வாக்கியத்தின் முதலில்.

இத்தனைக்குப் பிறகும் எண்ணிக்கை தப்பாகிவிட்டால் அடுத்த நாள் திருத்தம் போட வேண்டும். ஆங்கில இணையப் பத்திரிகைகள் அதை எப்படி எழுதுகின்றன என்று பாருங்கள்: 'அன் எர்லியர் வெர்ஷன் ஆஃப் திஸ் ஆர்ட்டிக்கிள் மிஸ்ஸ்டேட்டட் த நம்பர்'. செயப்பாட்டு வினை கிடையாது, சுத்தமான செய்வினை, எழுவாயும் இருக்கிறது. தப்பு செய்தது கட்டுரையின் முந்தைய வடிவமாம்.